கதவு திறக்கும்போது மட்டும் தெரிகிற நெருப்பு

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான் செய்த நீராவி எஞ்சின் மாதிரியின் பின்பக்கமாகக் குனிந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். “உள்ளே மெழுகுவத்தியா ஏற்றி வைத்திருக்கிறாய், தம்பி?” என்று கேட்டார்.

மூன்று வாரம் இரவு இரவாக உட்கார்ந்து வைத்த விளக்கு அது. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு எல்.இ.டி., அவற்றைத் தாறுமாறாகச் சிமிட்ட வைக்கும் ஒரு சின்னச் சுற்றுப் பலகை. நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்கிற பலரும் இதைத்தான் வாங்கிப் பொருத்துகிறார்கள். எஞ்சினில் கரி எரிகிற நெருப்புப் பெட்டி என்றால் சிமிட்ட வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். பெரியப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் பதினொரு ஆண்டு, எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்தவர், பிறகு டிரைவரானவர். இப்போது வயது எண்பத்து மூன்று. அவர் மெழுகுவத்தி என்றால் அது மெழுகுவத்திதான். அன்றிரவே பலகையைக் கழற்றினேன்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒய்.பி. வகை, மீட்டர் கேஜ் பயணி வண்டிகளை இழுத்தது. 1949 முதல் 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள் கட்டப்பட்டன. முதலில் அமெரிக்காவின் பால்ட்வின், பிறகு ஸ்காட்லாந்து, ஜெர்மனி, கடைசியில் ஜாம்ஷெட்பூரில் நம் டெல்கோ. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், நெருப்புப் பெட்டிக்கு அடியில் இரண்டு. நான் செய்திருப்பது 87-இல் ஒரு பங்கு. கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 22 சென்டிமீட்டர் நீளம். உடல் 0.3 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு. 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகிற ஜெர்மன் டிடி அளவு (120-இல் ஒரு பங்கு) மாதிரி எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய விரைவு எஞ்சினின் 2 மீட்டர் சக்கரம் 120-இல் ஒரு பங்காகக் குறுகும்போது 16.7 மில்லிமீட்டர் வருகிறது. ஒய்.பி.யின் 1,372 மில்லிமீட்டர் சக்கரம் 87-இல் ஒரு பங்காகும்போது 15.8. ஒரு மில்லிமீட்டர் கூடுதல். சக்கரக் காப்பு மறைத்துவிடுகிறது.

இந்த எஞ்சின்மீது எனக்குள்ள பிரியம் சின்ன வயதில் தொடங்கியது. எழும்பூரில் இரவு வண்டி ஏறினால் விழுப்புரம் வரை மின்சார எஞ்சின் இழுக்கும். விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டுக் கரி எஞ்சினை மாட்டுவார்கள். 1979-இல், மாயூரத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகும் வழியில், அப்பா என்னை இறக்கி நடைமேடையின் முனை வரை கூட்டிக்கொண்டு போனார். எஞ்சின் பின்னோக்கி வந்தது. முழுக்க இருட்டு. திடீரென்று டிரைவர் நிற்கும் அறையின் கூரை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் விழித்தது. ஓர் ஆளின் தோளும் தாடையும் தெரிந்தன. மறுபடி இருட்டு. நெருப்பை நான் பார்க்கவே இல்லை. அது பட்ட இடங்களைத்தான் பார்த்தேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மாதிரி செய்யும்போது இதை எப்படி மறந்தேன் என்று இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

பெரியப்பா சொன்னதும் அதேதான். நிறையக் கரி, அடியிலிருந்து ஏறுகிற காற்று, புகைபோக்கி இழுக்கிற இழுப்பு: இந்த நெருப்பு சுடரைப்போல் ஆடுவதற்கு நேரமே இல்லை. அது ஒரே சீரான வெளிச்சப் பாளம். ஆடுவது கதவு. ஒரு சவல் (கரி வாரும் அகப்பை) கரி போடக் கதவு திறக்கும், போட்டதும் மூடும். திறந்தே வைத்தால் குளிர்ந்த காற்று நெருப்பின் மேலாகப் புகுந்து கொதிகலனைக் குளிர்விக்கும், அழுத்தம் இறங்கும். அதனால் ஒவ்வொரு சவலுக்கும் திற, மூடு.

“எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?” என்று கேட்டேன்.

“சொன்னால் வராது. நேரம் பார்” என்று எழுந்தார். மூலையில் இருந்த பிளாஸ்டிக் முறத்தைக் கையில் எடுத்தார். இடது காலை முன்னே வைத்து, வலது காலைப் பின்னே ஊன்றி நின்றார். இடுப்பிலிருந்து திரும்பினார். டெண்டர் இருக்க வேண்டிய இடத்தில் முறம் தாழ்ந்தது, நிமிர்ந்தது, திரும்பியது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் மணிக்கட்டு ஒரு சுழற்று சுழன்றது. பின் இடது மூலை, பின் வலது மூலை, இடது ஓரம், வலது ஓரம், நடுவில் கொஞ்சம், முன்னால் மெல்லிசாக ஒரு வீச்சு. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறவர் இந்தச் சுற்றில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. கைபேசியில் நேரம் குறித்தேன். எட்டுச் சவலுக்கு 51 வினாடி. ஒவ்வொரு முறையும் கதவு திறந்திருந்தது இரண்டு வினாடிக்கும் குறைவு. அதற்குப் பிறகு அவர் முறத்தைச் சாத்திவிட்டு நிமிர்ந்து, மேலே பார்த்தார். புகையைப் பார்க்கிறாராம். புகை கறுப்பிலிருந்து சாம்பலாக வெளுக்கும் வரை அடுத்த கரி கிடையாது. சமவெளிப் பாதையில் அந்த இடைவெளி ஒன்றரை, இரண்டு நிமிடம் என்றார்.

இந்த எண்களைத்தான் அப்படியே நிரலாக எழுதினேன். ஏடிடைனி85 என்ற எட்டுக் கால் சில்லு டெண்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. எட்டுத் திறப்பு, பிறகு நீண்ட இருட்டு, மறுபடி எட்டோ ஏழோ. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதுக்கரி விழுந்ததும் நெருப்பின் முகம் கொஞ்சம் மங்கும், பிடித்துக்கொள்ள நேரம் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு சவலுக்கும் வெளிச்சத்தைச் சிறிது குறைக்கிறேன். இடைவெளியில் அது மெதுவாகத் தன் பழைய நிலைக்கு ஏறுகிறது. எட்டாவது திறப்பு முதல் திறப்பைவிட மங்கலாக இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அந்தக் கூரைக்கு அடியில் யாரோ வேலை செய்கிறார்கள் என்பது தெரியும்.

இதைச் செய்யும்போது கண்ணின் இயல்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்.இ.டி.யை வேகமாக அணைத்து ஏற்றித்தான் சில்லு வெளிச்சத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. பாதி நேரம் எரியவிட்டால் பாதி வெளிச்சம் என்று கண் எடுத்துக்கொள்வதில்லை; முக்கால் பங்குக்கு நெருக்கமாகவே எடுத்துக்கொள்கிறது. நேர்க்கோட்டில் குறைத்துக்கொண்டே வந்தால் முக்கால்வாசி தூரம் மாற்றமே தெரியாமல், கடைசியில் சடாரென்று விழும். ஆகவே ஓர் அட்டவணை போட்டு, அடிப்பகுதியில் படிகளை நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் வைத்தேன்.

அடுத்தது நிறம். இரும்பு ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்குகிறது. எஞ்சின் நன்றாக வேலை செய்யும்போது நெருப்புப் பெட்டி 1,200 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே சிவப்பு இல்லை. ஆரஞ்சும் மஞ்சளும், நேராகப் பார்த்தால் கண் கூசும் வெளுப்பும்தான். சிவப்பு எல்.இ.டி. வைப்பது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பு எல்.இ.டி. ஒரே குறுகிய நிறத்தை மட்டும் வீசுகிறது. அதன் கீழே பயர்மேனின் நீலச் சட்டை கறுப்பாகிவிடுகிறது. செம்புக் குழாயும் பித்தளைக் கைப்பிடியும் ஒரே நிறமாகிவிடுகின்றன. பழைய புகைப்பட இருட்டறைபோல் ஆகிவிடுகிறது. மஞ்சள் சாயலுள்ள வெள்ளை எல்.இ.டி.யை எடுத்து, அதன் முகத்தில் டமியா எக்ஸ்-26 ஆரஞ்சுக் கண்ணாடி வண்ணத்தை இரண்டு பூச்சு பூசினால், எல்லா நிறமும் கொஞ்சம் மிஞ்சுகிறது. சட்டை நீலம் என்று தெரிகிறது. செம்பு செம்பாக ஒளிர்கிறது. மூன்றாவது பூச்சு வேண்டாம், கலங்கிவிடும்.

நான் பயன்படுத்துவது 0402 அளவு. நீளம் ஒரு மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். அரிசிக் குருணைகூட இதைவிடப் பெரியது. பகலில் நான் நடத்துவது மின்னணுப் பொருள்கள் பழுது பார்க்கும் கடை, முப்பது ஆண்டாக ஈயம் வைத்த கை; ஆனாலும் இதற்கு மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது. இருபக்கமும் ஒட்டும் நாடாவில் எல்.இ.டி.யைக் கவிழ்த்து வைக்கிறேன். உருப்பெருக்கியில் பச்சைப் புள்ளியைத் தேடிப்பிடிக்கிறேன். அதுதான் எதிர்மின் பக்கம். எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியின் முனையை முன்பே ஈயத்தில் தோய்த்துவைத்துவிட்டால், முனையைத் தொட்டுவைத்து, சூட்டுக்கோலை ஒரு வினாடிக்கும் குறைவாகக் காட்டினால் போதும். இரண்டாவது வினாடியில் எல்.இ.டி. கோலோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இரண்டாவது கம்பியை வைக்கும்போது முதலாவது கழன்றுவிடாமல் ஒரு துளி ஈரப் பஞ்சை அதன்மேல் வைத்துக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்கிறேன். அன்று ஏழு எல்.இ.டி.யில் ஐந்து தேறின.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். முதலில் நெருப்புப் பெட்டியின் வாயிலேயே வைத்திருந்தேன். பார்க்கிறவர் கண்ணில் நேராக ஒரு புள்ளி குத்தியது. இப்போது எல்.இ.டி. கதவு விளிம்புக்குக் கீழே, உள்ளே தள்ளி, மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. ஒளி கூரையின் உட்புறத்தில் பட்டு, அங்கிருந்து இறங்கி, பயர்மேன் பொம்மையின் தோளில் விழுகிறது. கூரையின் உட்புறத்துக்கு மங்கிய வெளிர்மஞ்சள் பூசினேன். கறுப்புக் கூரை ஒளியை விழுங்கிவிடுகிறது.

இன்னோர் எல்.இ.டி. சாம்பல் தொட்டிக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. மிகமிக மங்கல். தண்டவாளத்துக்கு இடையே சரளைக் கற்களில் லேசான செம்மை ஓடிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான். எஞ்சினின் மூச்சுக்கு ஏற்பத் துடிக்க வேண்டியது இந்த விளக்கு. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் நீராவி தள்ளுகிறது. ஆகச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு மூச்சு. ஒவ்வொரு மூச்சும் நெருப்பின் வழியே காற்றை இழுக்கிறது, கரி ஒருகணம் கூடுதலாகச் சிவக்கிறது. ஒய்.பி. சக்கரத்தின் சுற்றளவு 4.31 மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டரில் வண்டி புறப்படும்போது வினாடிக்கு இரண்டு மூச்சு, தெளிவாகப் பார்க்கலாம். 40 கிலோமீட்டரில் வினாடிக்குப் பத்தைத் தாண்டிவிடும். துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து சீரான ஒளியாகிவிடும். ஆகவே துடிப்பு புறப்பாட்டில் மட்டும்தான் வேண்டும். சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மூடி வண்டி சும்மா உருளும்போது இழுப்பே இல்லை, ஒளி மங்கிக் கிடக்கும். நடுச்சக்கரத்தின் உட்புறத்தில் நான்கு வெள்ளை, நான்கு கறுப்புப் பட்டைகள் தீட்டி, எதிரே ஓர் அகச்சிவப்பு உணரியை ஒட்டினேன். அதன் வழியே ஒவ்வொரு மூச்சும் சில்லுக்குத் தெரிகிறது. இந்த ஒரு வேலைக்கே பத்து நாளானது. வண்டி நிலையத்தைவிட்டு நகரும் அந்த முதல் ஆறு மூச்சுக்காக இன்னும் பத்து நாள் கொடுத்திருப்பேன்.

தலைவிளக்கு எளிது. உண்மை எஞ்சினில் அதற்கு மின்சாரம் தருவது கொதிகலன்மேல் இருக்கும் சிறிய நீராவி டர்பைன். நீராவியைத் திறந்ததும் டர்பைன் சுற்று ஏறும், குண்டு பல்பின் இழை முதலில் செந்நிறமாகி, பிறகு மஞ்சளாகி, பிறகுதான் முழு வெளிச்சத்துக்கு வரும். எல்.இ.டி. அப்படியே விட்டால் கத்தி வெட்டியதுபோல் எரியும். மாதிரியின் மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் டீகோடர் பலகையில் பழைய பல்பைப்போல் மெதுவாக ஏறி இறங்கும் அமைப்பு உண்டு, அதை இயக்கிவிட்டேன். ரெசிஸ்டரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. டீகோடர் தருவது சுமார் 14 வோல்ட். எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 3. மீதி 11 வோல்டை ஒரு மில்லிஆம்பியரில் இறக்க 11 கிலோ ஓம் வேண்டும். நான் 10 வைத்தேன். ஒரு கிலோ ஓம் வைத்துப் பத்து மில்லிஆம்பியர் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். மாதிரி எஞ்சின் கலங்கரை விளக்கமாகிவிடுகிறது. முன்பலகையின் இருபுற முனை விளக்குகளுக்கு 47 கிலோ ஓம். கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. இருட்டில் அதுவே தாராளம்.

பித்தளை உடலில் வேலை செய்கிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: உடல் முழுவதும் மின்சாரம் கடத்தும். தலைவிளக்குக்குப் போகும் வெள்ளைக் கம்பியின் உறை புகைப் பெட்டியின் விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, பொதுநேர்மின் நீலக் கம்பியும் அதே மாதிரித் தேய்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டும் உடலைத் தொட்டன. வாசனை வந்தபோது டீகோடர் போய்விட்டிருந்தது. புதியதை வாங்க மூன்று மாதச் சேமிப்பு ஆயிற்று. இப்போது உட்புறம் முழுக்க மின்சாரம் கடத்தாத காப்டான் நாடா ஒட்டி, கம்பிகள் போகும் துளைகளுக்கெல்லாம் மெல்லிய குழாய் போட்டிருக்கிறேன். அதோடு டெண்டரில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. தண்டவாளத்தில் தூசியிருந்தால் சில்லு நின்று மறுபடி தொடங்கிவிடுகிறது. பயர்மேன் நடுவில் எண்ணிக்கையை மறந்ததுபோல் ஆகிவிடுகிறது. அந்தச் சின்னக் கெப்பாசிட்டர் அந்த இடைவெளிகளைத் தாண்டிவிடுகிறது.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகையைச் செய்யும் நண்பர்கள் இந்த நிரலைக் கேட்கிறார்கள். 2011-இல் தொடங்கி நம் பொன்மலைப் பணிமனையில் முதலில் கட்டிய எக்ஸ் எஞ்சின்கள் எண்ணெயில் எரிபவை. அங்கே சவல் இல்லை, திற–மூடு இல்லை. என் நிரல் அதற்குப் பொருந்தாது. இடைவிடாத மஞ்சள் ஒளி, கதவின் சிறு துளைவழியே ஒரு கீற்று, அது போதும்.

புகைக்குப் பஞ்சு ஒட்டி அதற்கு அடியில் விளக்கு வைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நகரும் வண்டியில் நகராத புகை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் பெரியப்பாவை மறுபடி கூப்பிட்டேன். அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் நீல எல்.இ.டி. பட்டையை நிலவு அளவுக்கு மட்டும் வைத்தேன். வண்டி நகர்ந்தது. சரளையில் செம்மை துடித்தது. வேகம் ஏற ஏறத் துடிப்பு கரைந்தது. கூரை விழித்தது, மூடியது. ஒன்று. இரண்டு. பெரியப்பாவின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. வண்டி வளைவைத் தாண்டி சிக்னலை நெருங்கியபோது, ஆறாவது திறப்பில், “கதவைச் சாத்து, கதவைச் சாத்து, சிக்னல் வருகிறது” என்றார்.

நெருப்பின் கூச்சத்தில் டிரைவரின் கண் இருட்டைப் பார்க்கும் பழக்கத்தை இழந்துவிடும். சிக்னலுக்கு முன் கதவைத் திறக்கிற பயர்மேனுக்கு நல்ல திட்டு கிடைக்குமாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில், வானிலிருந்து வரும் குண்டுவீச்சு விமானங்களுக்கு இந்த வெளிச்சம் தெரிந்துவிடக் கூடாதென்று எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே தார்ப்பாய் கட்டி ஓட்டினார்கள் என்று நான் சொன்னேன். அந்த வெக்கையில் எப்படி நின்றார்களோ என்று அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

சிக்னலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் கட்டைகளுக்கு அடியில் ஒரு சிறு காந்தம், சிக்னலைத் தாண்டி இன்னொன்று புதைத்துவிட்டேன். டெண்டருக்கு அடியில், காந்தம் நெருங்கினால் இயங்கும் ஒரு ரீட் ஸ்விட்ச். முதல் காந்தத்தைக் கடந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. இரண்டாவதைக் கடந்தபின்தான் மீதிச் சவல். எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது.

இடது முனை விளக்கு வலதைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கிறது. அதில் 47-ஐக் கழற்றிவிட்டு 68 கிலோ ஓம் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது கார்டு வண்டியின் வால்விளக்கு. மண்ணெண்ணெய் விளக்கு அது, பல்பைவிட இன்னும் மஞ்சள். அதற்கு எக்ஸ்-27 சிவப்புக்கு அடியில் ஒரு பூச்சு எக்ஸ்-24 மஞ்சள் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.